உப்புக் காற்றுக்கு ஏற்ற கேமரா: டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகும் நம் கரைக்காரர்களுக்கு

கேமராக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வசதிகளைப் படம் போட்டு அச்சடித்திருப்பார்கள். இத்தனை மெகாபிக்சல், இத்தனை ஃபோகஸ் புள்ளி, வைஃபை, சீன் மோடு. தனுஷ்கோடியில் மத்தியானம் அடிக்கிற கச்சான் காற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. பெட்டியைப் படித்து வாங்கியவர்கள் அடுத்த வருடமே கேமராவை விற்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணமும் காதுகுத்தும் எடுப்பவன் நான். ஓய்வு கிடைத்தால் பறவைகளின் பின்னால் போவேன். ராமநாதபுரம் கரையில் மண்டபத்துக்கும் தொண்டிக்கும் ஏர்வாடிக்குமாகப் பல வருடம் கேமராவோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதை, புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குப் படிப்படியாகச் சொல்கிறேன்.

வாங்கும் முன் ஒரு வாரம்

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று. ‘எல்லாத்தையும்தாண்ணே’ என்பார்கள். அது பதில் ஆகாது. அதனால் ஒரு வேலை கொடுப்பேன். ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கையிலிருக்கும் ஃபோனிலேயே படம் எடுங்கள். ஃபோன் உங்களைக் கைவிட்ட ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று அதில் எழுதுங்கள்.

‘சக்கரக்கோட்டைக் கண்மாயில் நாரை புள்ளியாகத் தெரிகிறது.’ ‘கல்யாண மண்டபத்துக்குள் பொண்ணு மாப்பிள்ளை மாலை மாற்றும்போது கை கலங்கிவிட்டது.’ ‘பாம்பன் பாலம் சாயங்காலம் மணல் மணலாக வருகிறது.’ ‘அத்தா வலை பின்னுவதை எடுத்தேன், பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் குடமும் அவர் முகத்தைப் போலவே தெளிவாகத் தெரிகிறது.’

இந்த நான்கு வரிக்கும் நான்கு வேறு மருந்து. முதலாவதற்கு நீண்ட லென்ஸ். இரண்டாவதற்கு அதிக ஒளி வாங்கும் லென்ஸ், அல்லது ஃப்ளாஷ். மூன்றாவதற்கு ஒரு ட்ரைபாட் போதும். நான்காவதற்கு அகலமாகத் திறக்கும் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம். நோட்டில் எந்த வரி அடிக்கடி வருகிறதோ அதற்குத்தான் பணம் போட வேண்டும். ஒரு வாரம் எழுதியும் நோட்டில் ஒன்றுமே இல்லையென்றால் உங்களுக்கு இப்போது கேமரா தேவையில்லை. ஃபோனிலேயே நன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டி.எஸ்.எல்.ஆர். இன்னும் வாங்கலாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. டி.எஸ்.எல்.ஆர். என்பது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. கேனான், நிக்கான் இரண்டு நிறுவனமும் இப்போது கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டன. கேனானின் 850டி, நிக்கானின் டி780 எல்லாம் 2020இல் வந்தவை. அதற்குப் பின் அவர்களிடமிருந்து புது டி.எஸ்.எல்.ஆர். வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் அந்த வழியிலேயே நிற்கிறது.

அப்படியிருந்தும் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் டி.எஸ்.எல்.ஆரைத்தான் சொல்கிறேன். நல்ல கேமராவும் லென்ஸும் பழையதாக மலிவான விலைக்குக் கிடைக்கின்றன. பேட்டரியும் நீண்ட நேரம் வருகிறது. நிக்கான் டி3500இன் பேட்டரி ஒரு சார்ஜில் 1,550 படம் வரை வரும் என்று நிறுவனமே சொல்கிறது. கம்பிப்பாட்டிலிருந்து அரிச்சல்முனை வரை எங்கே போய் சார்ஜ் போடுவது? இது நம் கரைக்குப் பெரிய விஷயம். அப்புறம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது நிஜமான ஒளி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே போய், அங்குள்ள பட்டகத்திலோ கண்ணாடிகளிலோ திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி, ஷட்டர் திறந்து, ஒளி படத்தைப் பதியும் சென்சாரில் விழுகிறது. ‘டடக்’ என்று கேட்கிறதே, அது இதுதான்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. நிஜ ஒளி என்பதால் நிஜச் சூரியனும் அப்படியே கண்ணுக்குள் வரும். அரிச்சல்முனையில் கடலிலிருந்து சூரியன் எழுவதை எடுக்க எல்லோருக்கும் ஆசை. வட்டம் செம்மையாகத் தெரிந்தாலும் சரி, நீண்ட லென்ஸைப் போட்டு வியூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள். கண் போய்விடும். திரையைப் பார்த்து எடுங்கள், அதுவும் சட்டென்று.

மூன்று திருகு

எந்தக் கேமராவாக இருந்தாலும் ஒளியை அடக்க மூன்று வழிதான் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பெட்டியில் எழுதியிருக்கும் பாதி வசதிகளுக்கு அர்த்தம் தெரிந்துவிடும்.

ஷட்டர் வேகம் என்பது கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. மீன் இறங்குதளத்துக்கு மேலே செம்பருந்து சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சடாரென்று இறங்கித் தண்ணீரில் மிதக்கும் சாளையைக் கவ்வும் நொடியில் இறக்கை கலங்காமல் நிற்க வேண்டுமானால் 1/1600 வேண்டும். அதே இடத்தில் அலை பாறையில் புகைபோலப் படிய வேண்டுமானால் ட்ரைபாடில் வைத்து ஒரு நொடி, இரண்டு நொடி திறந்து வைக்க வேண்டும்.

அபெர்ச்சர் லென்ஸுக்குள் இருக்கும் துவாரம். எஃப் 1.8, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எண் சிறியதென்றால் துவாரம் பெரியது, ஒளி அதிகம், பின்னணி கலங்கும். எண் பெரியதென்றால் ஒளி குறைவு, முன்னால் கிடக்கும் நங்கூரமும் தூரத்துப் பாலமும் ஒருங்கே தெளிவாக வரும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ், ஜூமைக் கூட்டிய நிலையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கல்யாண மண்டபத்தில் இந்த வித்தியாசம் உயிர் காக்கும்.

ஐ.எஸ்.ஓ. என்பது வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. 100இல் படம் சுத்தமாக இருக்கும். 6400இல் மணல் தூவினாற்போல் இருக்கும். பெட்டியில் ‘ஐ.எஸ்.ஓ. 51200’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதுவரை போகும் என்பதற்கும் அங்கே படம் உருப்படியாக வரும் என்பதற்கும் வெகுதூரம். கடையிலேயே அறையின் இருட்டு மூலையை 1600, 3200, 6400 என்று மூன்று தடவை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு எது வரை பொறுக்கிறதோ அதுதான் அந்தக் கேமராவின் ஐ.எஸ்.ஓ.

சென்சாரும் மெகாபிக்சலும்

மெகாபிக்சலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளி. ஏ3 தாளில் நல்ல அச்சுத் தரத்தில் போட 17, 18 மெகாபிக்சலே போதும். எனவே பத்து வருடத்துக்கு முந்தைய 24 மெகாபிக்சல் கேமராவே ஆல்பத்துக்கும் தாராளம்.

சென்சாரின் அளவு அதைவிட முக்கியம். ஃபுல் ஃபிரேம் என்பது 36க்கு 24 மி.மீ. பெரும்பாலானோர் வாங்குவது அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார். பெரிய சென்சாரில் இருட்டுப் படங்கள் சுத்தமாக வரும், விலையும் எடையும் கூடும். பறவை எடுப்பவருக்குச் சின்ன சென்சாரே நன்மை. லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். 300 மி.மீ. லென்ஸை நிக்கான் ஏபிஎஸ்-சி பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவைப் பாடி என்போம்) போட்டால் 450 மி.மீ. போலவும், கேனானில் போட்டால் 480 மி.மீ. போலவும் நெருக்கிக் காட்டும். சித்திரங்குடியிலோ மேலச்செல்வனூரிலோ கருவேல மரத்து உச்சியில் கூடு கட்டியிருக்கும் நாரையைக் கண்மாய்க் கரையில் நின்றபடியே எடுக்க அந்த நெருக்கம் கைகொடுக்கும். கூட்டுக்குக் கிட்டப் போகவும் கூடாது. நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும், குஞ்சு வெயிலில் காயும்.

பணத்தை லென்ஸில் போடுங்கள்

கையில் பத்து ரூபாய் இருந்தால் நாலு ரூபாயைப் பாடிக்கும் ஐந்து ரூபாயை லென்ஸுக்கும் ஒரு ரூபாயைப் பாதுகாப்புக்கும் வைப்பேன். புதிதாக வாங்குகிறவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டு ரூபாய்க்குப் பாடி, மிச்சத்துக்கு என்ன லென்ஸ் வருகிறதோ அது. பாடி நாலு வருடத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும், அதற்கடுத்த பாடிக்கும் வரும்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எஃப் 8இல் பகல் வெளிச்சத்தில் அது தரும் கடற்கரைப் படம் அருமையாகவே இருக்கும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவரை அந்த லென்ஸில் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பவளப் பாறைக் கற்களின் துளைகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிகின்றன. பகல் காட்சிகள்தான் உங்கள் நோட்டில் அதிகமென்றால் வேறு லென்ஸே வேண்டாம்.

ஆட்கள், குழந்தைகள், வீட்டு விசேஷம் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8. இருப்பதிலேயே விலை குறைந்த நல்ல லென்ஸ் இதுதான். பறவை, தூரத்துப் படகு என்றால் 55-250 அல்லது 70-300. இதில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர். என்று லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும், பருந்தின் வேகத்தை அடக்காது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

லென்ஸ் பொருத்தத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். வெளியூரில் ஒரு கடையில் பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ‘எல்லா நிக்கானுக்கும் சேரும்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். சேரவும் சேர்ந்தது. ஆனால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. வெறும் ஏஎஃப் என்றிருந்து கடைசியில் ‘டி’ என்று முடிந்தால் இல்லை. டி7000 வரிசைப் பாடியில் அந்த லென்ஸே ஜம்மென்று ஓடும். இந்த விவரம் தெரியாமல் மறுநாள் நிச்சயதார்த்தம் முழுவதையும் கையாலேயே ஃபோகஸ் திருப்பி எடுத்தேன். மோதிரம் மாற்றிய படம் கலங்கிப் போனது. அந்த வீட்டாரிடம் அதைச் சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. லென்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் பாடியைக் கையோடு கொண்டு போய், மாட்டி, பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆகும் சத்தம் கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.

ஏஎஃப்-பி லென்ஸ்களும் ரொம்பப் பழைய பாடிகள் சிலவற்றில் ஓடாது. கேனானில் இன்னொரு கணக்கு. இஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ் ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. இஎஃப் என்று மட்டும் இருந்தால் அவர்களுடைய டி.எஸ்.எல்.ஆர். இரண்டு வகைக்கும் வரும்.

ஃபோகஸ், தொடர் படம், வீடியோ

பறவை எடுப்பவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படித்தால் போதும். கேனான் 1500டியில் ஃபோகஸ் புள்ளிகள் 9, நொடிக்கு 3 படம். நிக்கான் டி3500இல் 11 புள்ளி, 5 படம். டி7500இல் 51 புள்ளி, 8 படம். கேனான் 90டியில் 45 புள்ளி, 10 படம். குளிர்காலத்தில் தனுஷ்கோடிக் கழிமுகத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கழுத்தை நீட்டி, காலை நீட்டி, கறுப்பு ஓர இறக்கை விரியும் அந்த அமைப்பு கணத்தில் மாறிவிடும். நின்று மேயும் பறவைக்கும் வலை உலர்த்தும் ஆளுக்கும் 9 புள்ளியே மிகுதி. நான் இன்றும் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துத்தான் பாதிப் படங்களை எடுக்கிறேன்.

பறப்பதை எடுக்கும்போது தொடர் ஃபோகஸ் முறைக்கு மாற்ற வேண்டும். நிக்கானில் அதன் பெயர் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ. இதை மாற்றாமல் ‘என் கேமரா பறவைக்கு ஆகாது’ என்று சொல்பவர்கள் ஏராளம்.

வீடியோவும் எடுப்பதாக இருந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, மைக் மாட்ட ஓட்டை இருக்கிறதா? டி3500இலும் 1500டியிலும் இல்லை. கேனான் 200டியிலும் நிக்கான் டி5600இலும் உண்டு. நம் கரையில் கேமராவின் சொந்த மைக்கில் பதிவு செய்தால் காற்றின் ‘பொதபொத’ச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. ரோமப் போர்வை போட்ட தனி மைக் கட்டாயம். இரண்டாவது, திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது? இதில் 200டி போன்ற கேனான் பாடிகள் அதே விலை நிக்கான்களைவிட நன்றாகச் செய்கின்றன.

வைஃபை, சீன் மோடு, கேமராவுக்குள்ளேயே படத்தை ஓவியமாக்கும் வித்தை, ‘காம்போ’ என்று சேர்த்துத் தரும் பை, மட்டமான ட்ரைபாட், ஃபில்டர். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் விலை பேசுங்கள்.

கையில் பிடித்துப் பாருங்கள்

கேமராவை ஆன்லைனில் வாங்கினாலும், ஒரு தடவையாவது அதே மாடலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வேர்த்த கையில் பிடி வழுக்குகிறதா? சுண்டுவிரல் கீழே தொங்குகிறதா? ஷட்டருக்கும் அபெர்ச்சருக்கும் தனித்தனிச் சக்கரம் இருக்கிறதா? விலை குறைந்த பாடிகளில் ஒரே சக்கரம்தான். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். பழகிவிடும், ஆனால் இரண்டு சக்கரம் சுகம்.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ‘பிளஸ்-மைனஸ்’ பட்டன் விரலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் ஓயாமல் தொட வேண்டிய பட்டன் அது. கேமரா எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெண்மணலைக் காட்டினால் ‘அடேயப்பா, ஒளி ரொம்ப அதிகம்’ என்று குறைத்துவிடும். தனுஷ்கோடி மணல் சிமெண்டுபோல் வந்து நிற்கும். பிளஸ் 1 வைத்தால் வெண்மணல் வெண்மணலாகவே வரும். கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை எடுக்கும்போதும் இதேதான். பிளஸ் வைக்காவிட்டால் வானம் அழகாக வரும், ஆளின் முகம் கரியாகிவிடும். காலமெல்லாம் வெயிலில் நின்று உழைத்த முகத்தில் உள்ள கோடுகளைக் காட்டத்தான் கேமராவே தூக்குகிறோம். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகத்துக்கு ஒளி கொடுங்கள்.

இதற்குத் துணையாக ‘ரா’ வகைக் கோப்பில் பதிவு செய்யும் வசதியைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைதான். 14 பிட் ரா கோப்பில் 16,384. தவறிப்போன ஒளியைக் கணினியில் மீட்க இந்த இடைவெளிதான் உதவும்.

உப்பு, மணல், பூஞ்சை

பெண் கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் காற்று சற்றுத் தணிந்திருக்கும். ஆண் கடல் என்னும் மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் அலை உடைந்து தெறிக்கும் திவலை காற்றிலேயே மிதக்கும். இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, லென்ஸ் முன்னால் இருக்கும் ஃபில்டரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கடுகைவிடச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தொட்டால் நறநறக்கும். நீர் வற்றி நின்ற உப்பு அது. அப்படியே சட்டை முனையால் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். பிறகு மென்துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்த பின் காய்ந்த துணி. பாடியையும் இதேபோல் துடைக்க வேண்டும். பட்டன் இடுக்கு, மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம், பேட்டரி மூடி, இந்த மூன்றிலும்தான் உப்பு போய் உட்காரும்.

லென்ஸின் முன்னால் ஒரு யு.வி. ஃபில்டர் எப்போதும் இருக்கட்டும். மற்ற ஊர்க்காரர்கள் வேண்டாம் என்பார்கள். அது படத்தின் தெளிவைக் கொஞ்சம் குறைக்கும் என்பதும் உண்மைதான். உப்புத் தெறிக்கும் இடத்தில் ஃபில்டர் போனால் போகட்டும், லென்ஸ் பிழைக்கட்டும் என்பது என் கணக்கு. அடுத்து வாங்க வேண்டியது போலரைசர். கடல்மேல் அடிக்கும் பளபளப்பைக் குறைத்து, கீழே உள்ள பச்சையையும் நீலத்தையும் வெளியே கொண்டுவரும். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது திருப்பிப் பாருங்கள். தண்ணீரின் நிறம் மாறுவது கண்முன்னே தெரியும்.

பாடியில் ‘வெதர் சீலிங்’ என்ற வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்றால், நம் கரைக்குக் கொடுக்கலாம் என்பேன். டி7500, 90டி, பென்டாக்ஸ் கே-70 எல்லாவற்றிலும் இடுக்குகளில் தடுப்பு உண்டு. டி3500, 1500டியில் இல்லை. தூசியும் தூறலும் உள்ளே போவதைத் தடுக்கும், அவ்வளவுதான். கடலில் முக்குவதற்கு அல்ல. லென்ஸிலும் அந்தத் தடுப்பு இருந்தால்தான் முழுப் பலன். தடுப்பு இல்லாத பாடி என்றால், துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்ளுங்கள். வல்லத்தில் ஏறிக் கடலுக்குப் போகும்போது நானும் அப்படித்தான் போகிறேன்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, வாய்ப்பகுதியைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். ஒருவேளை கடல்நீருக்குள் விழுந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் கேமராவைக் கொல்கிறது.

உப்பைவிட மெதுவாகக் கொல்வது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடைக் காற்று வீட்டுக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைப்போம். தை மாதம் திறந்து பார்த்தால் லென்ஸ் உள்ளே சிலந்தி வலை போல் கிளைவிட்டிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சில சமயம் லென்ஸின் விலையையே தொடும். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல நிற ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத்தூசி போகும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

பழையது வாங்கும்போது

கையில் டார்ச் கொண்டு போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒளியை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசு இருந்தால் பயமில்லை. நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு பாடியின் அடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். ஃப்ளாஷ் மாட்டும் தகட்டையும் பேட்டரி அறைக்குள் இருக்கும் பித்தளை நிறத் தொடுமுனைகளையும் பாருங்கள். துருவோ பச்சைப் பூச்சோ தெரிந்தால் அந்தக் கேமரா கடற்கரையில் பிழைத்தது, துடைக்கப்படாமல் கிடந்தது. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே உப்பு வேலை செய்துகொண்டிருக்கும்.

எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யலாம், விலையில் குறைக்கச் சொல்லலாம். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்றும் கேளுங்கள். தொடக்க நிலைப் பாடிகளுக்கு ஒரு லட்சம் என்பது பொதுவான கணக்கு. நிக்கான் படத்தின் கோப்புக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கேனானில் பல மாடல்களுக்குக் கேபிள் மாட்டித்தான் பார்க்க முடியும். கல்யாண வேலையில் ஓடிய கேமரா என்றால் எண் எகிறியிருக்கும். பில் இல்லாத கேமரா வேண்டாம்.

கையில் வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்ற நிலையில் வையுங்கள். அபெர்ச்சரை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையை 3200 என்று கட்டிப் போடுங்கள்.

பயிற்சிக்கு மீன் இறங்குதளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விடியும் முன் நாட்டுப்படகுகள் கரை சேரும். அப்போது ஒளி மிகக் குறைவு, 50 மி.மீ. போட்டு எஃப் 2இல் எடுங்கள். ஏலம் நடக்கும்போது வெளிச்சம் ஏறிவிடும், 18-55க்கு மாறலாம். அதற்குள் பருந்துகள் வந்துவிடும், நீண்ட லென்ஸை எடுக்கலாம். இரண்டு மணி நேரத்தில் மூன்று பாடம். ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். ‘அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கிறவா?’ என்ற ஒரு கேள்விக்கு யாரும் இதுவரை என்னிடம் முகம் சுளித்ததில்லை. வேண்டாம் என்று சொன்னால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். எடுத்த படத்தில் ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த தடவை அவரே கூப்பிட்டு நிறுத்துவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றிச் சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள். அசையாத படகு, பொறுமையான ஆட்கள், பச்சையும் சிவப்புமாகப் புதுச் சாயம். அபெர்ச்சரைப் படிக்க இதைவிட நல்ல காலம் அமையாது. ஒரே படகின் மூக்கை எஃப் 1.8, 4, 8, 16 என்று நான்கு தடவை எடுங்கள். வீட்டுக்கு வந்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் இருக்கும் கயிறும் மனிதர்களும் எப்படிப் படிப்படியாகத் தெளிகிறார்கள் என்று பாருங்கள். நோட்டை மறுபடி எடுத்து, எது பிடித்தது என்று எழுதுங்கள். கேமராவைத் துடைத்து, டப்பாவுக்குள் வைத்து, மீட்டரில் 50க்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுங்கள்.